ஒரு நாள் கணக்குல இருந்து ஒரு வருஷ கணக்கு: சராசரியும் ரேட்டும் வச்சு மொத்தம் எவ்ளோ வரும்னு கண்டுபிடிக்கிறது எப்படி (எங்க அபார்ட்மெண்ட் தண்ணி லாரி கதையோட)

எங்க அபார்ட்மெண்ட்ல 12 வீடு. தாம்பரம் பக்கம். போர் தண்ணி இருக்கு, ஆனா பத்தாது, மிச்சத்துக்கு தண்ணி லாரி, ஒரு லாரின்னா 12,000 லிட்டர். ரெண்டு வருஷம் முன்னாடி நடந்த அசோசியேஷன் மீட்டிங்ல செகரட்டரி சார் ஒரு பேப்பர் எடுத்து படிச்சாரு, ஆகஸ்ட்ல இருந்து ஜனவரி வரைக்கும் 6 மாசத்துல 12 லாரி வாங்கிருக்கோம், மாசம் சராசரி 2, அப்ப வருஷத்துக்கு 24, லாரி 1800 ரூபா, மொத்தம் 43,200, வீட்டுக்கு 3600 குடுத்துடுங்கன்னு. எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். மே மாசம் பாதியிலேயே காசு காலி.

அவரு போட்ட பெருக்கல்ல தப்பே இல்ல. 2 × 12 = 24 தான். தப்பு எங்கன்னா அந்த 2 எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கல. சராசரி வச்சு மொத்தம் போடுறப்ப பெருக்குறது அஞ்சு செகண்ட் வேலை, அந்த சராசரி எந்த நாட்கள்ல எடுத்தது, அது நான் பெருக்கப்போற நாட்களுக்கும் பொருந்துமான்னு பாக்குறதுதான் முழு வேலையும். அதுக்கப்புறம் நானும் எங்க வாட்ச்மேன் அண்ணாவும் உக்காந்து முதல்ல இருந்து கணக்கு போட்டோம், அதைத்தான் இங்க ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன். தண்ணிக்கு பதிலா கேஸ் சிலிண்டர், பெட்ரோல், கரண்டு யூனிட் எது போட்டாலும் வழி இதேதான்.

முதல் ஸ்டெப்: அலகை எழுதுங்க, நம்பரை அப்புறம் எழுதுங்க

ரேட்டுன்னா "இதுக்கு இவ்ளோ"ன்னு அர்த்தம். நிமிஷத்துக்கு 40 லிட்டர், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 110 லிட்டர், லாரிக்கு 1800 ரூபா. வெறும் 110னு எழுதி வச்சா பத்து நாள் கழிச்சு அது ஆளுக்கா வீட்டுக்கா நாளைக்கா வாரத்துக்கான்னு நமக்கே தெரியாது. எங்க கணக்கு இப்படி:

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் × ஆள் எண்ணிக்கை × நாள் எண்ணிக்கை = மொத்த லிட்டர்

"ஆளுக்கு"ங்கறத ஆள் எண்ணிக்கை தின்னுடும், "நாளைக்கு"ங்கறத நாள் எண்ணிக்கை தின்னுடும், கடைசில லிட்டர் மட்டும் நிக்கும். கடைசில நிக்கிற அலகு நீங்க கேட்ட கேள்வியோட அலகா இல்லன்னா எங்கயோ பெருக்க வேண்டியத வகுத்துட்டீங்க, இல்ல ஒண்ண விட்டுட்டீங்க. இது ஒண்ண மட்டும் ஒழுங்கா பாத்தாலே பெரிய தப்பு பலதும் அங்கயே மாட்டிக்கும்.

ரெண்டாவது ஸ்டெப்: ரேட்டை நீங்களே அளங்க

நகரத்துல ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு அரசு திட்டமிடல்ல ஒரு அளவு வச்சிருக்காங்க. ஊருக்கே பைப் போடுறவங்களுக்கு அது சரி. எங்க 40 பேருக்கு அத போட்டா நாளைக்கு 5400 லிட்டர் வருது, நாங்க நிஜமா செலவு பண்றது 4400 தான். நாளைக்கு 1000 லிட்டர் வித்தியாசம், மாசத்துக்கு ரெண்டரை லாரி. அடுத்தவங்க சராசரிய கடன் வாங்குனா இதான் நடக்கும்.

நாங்க அளந்தது ஒரு மூங்கில் குச்சியும் இன்ச் டேப்பும் வச்சுத்தான். சம்ப்போட (தரைக்கு கீழ இருக்குற தண்ணித்தொட்டி) நீளம் 12 அடி, அகலம் 10 அடி, ஆழம் 6 அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். நீளம் அகலம் பெருக்குனா 120 சதுர அடி, அதுல ஒரு இன்ச் தண்ணி நின்னா 10 கன அடி, அதாவது 283 லிட்டர். இந்த 283 கைக்கு வந்துட்டா போதும், குச்சிய விட்டு எத்தன இன்ச் இறங்கிருக்குன்னு பாத்து பெருக்குனா லிட்டர் வந்துடும், மீட்டர் கீட்டர் எதுவும் வேணாம். (சம்ப்பு நிறைஞ்சா 720 கன அடி, 20,000 லிட்டர் சொச்சம்.)

ஒரு வாரம் காலைல ஆறு மணிக்கு வாட்ச்மேன் அண்ணா குச்சி விட்டாரு. போர் மோட்டர் ஓடுற நேரம் ஆன் பண்றப்ப ஒரு தடவ, ஆஃப் பண்றப்ப ஒரு தடவ, ஏன்னா போர் ஏத்துன இன்ச்சையும் செலவோட சேத்து எண்ணணும்ல. அந்த நேரத்துல மேல் டேங்குக்கு ஏத்துற மோட்டர ஓடவிடக்கூடாது. இன்னொண்ணு, காலைல அளக்குறப்ப மாடில இருக்குற டேங்கு தினமும் ஒரே மட்டத்துல, அதாவது ஃபுல்லா இருக்கணும், இல்லன்னா மேல ஏத்துன தண்ணியையும் செலவுன்னு எண்ணிடுவோம். முதல் ரெண்டு நாள் எங்களுக்கு இப்படித்தான் தப்பா வந்துச்சு, தூக்கிப்போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சோம்.

போரோட ரேட்டும் இதுலயே கெடச்சிடுச்சு. 90 நிமிஷத்துல 12.7 இன்ச் ஏறுச்சு, 12.7 × 283 = 3594 லிட்டர், 90ஆல வகுத்தா நிமிஷத்துக்கு 40 லிட்டர். சம்ப்பு இல்லாத வீடா இருந்தா 20 லிட்டர் பக்கெட்ட வச்சு எத்தன செகண்ட்ல ரொம்புதுன்னு போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு பாருங்க. ஒழுகுற குழாய்க்கும் இதே வைத்தியம்தான், கீழ ஒரு டம்ளர் வைங்க, 200 மில்லி ரொம்ப 12 நிமிஷம் ஆச்சுன்னா மணிக்கு 1 லிட்டர், நாளைக்கு 24, வருஷத்துக்கு 8760. ஒரு வாஷருக்கு சோம்பேறித்தனப்பட்டா முக்கா லாரி போச்சு.

மூணாவது ஸ்டெப்: சராசரி எடுக்குறப்ப எடை குடுங்க

வாரத்துல ஆறு நாள் தினமும் 15 இன்ச் செலவு, ஞாயித்துக்கிழம 18.5 இன்ச், துணி துவைக்கிறது, வண்டி கழுவுறது, எல்லாரும் வீட்ல இருக்குறது எல்லாம் சேந்து. 15ஐயும் 18.5ஐயும் கூட்டி ரெண்டால வகுத்தா 16.75. அது தப்பு, ஏன்னா வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருது. ஆறு 15 = 90, அதோட ஒரு 18.5, மொத்தம் 108.5, ஏழால வகுத்தா 15.5. இதான் சரியான சராசரி. 15.5 × 283 = 4387, நாளைக்கு 4400 லிட்டர்னு வச்சுக்கலாம், 40 பேருக்கு வகுத்தா ஆளுக்கு 110.

அந்த 40 பேருங்கறதுலயும் ஒரு கூத்து. 8 வீட்ல நாலு நாலு பேர், 4 வீட்ல ரெண்டு ரெண்டு பேர். மீட்டிங்ல ஒருத்தர் "வீட்டுக்கு நாலு இல்லன்னா ரெண்டு, சராசரி மூணு வச்சுக்கோங்க சார்"னாரு. 12 × 3 = 36. நிஜத்துல 32 + 8 = 40. நாலு பேர காணோம்! நாலு பேர்னா நாளைக்கு 440 லிட்டர், மாசத்துக்கு 13,200, ஒரு 12,000 லிட்டர் லாரிக்கு மேல. ரெண்டு வகை இருந்தா ஒவ்வொரு வகையிலயும் எத்தனன்னு எண்ணாம நடுவுல ஒரு நம்பர புடிக்காதீங்க.

இதவிட நைசா ஏமாத்துறது ரேட்டோட சராசரி. 6000 லிட்டர் ரொப்பணும், முதல் பாதி போர் நிமிஷத்துக்கு 50 லிட்டர் குடுக்குது, அப்புறம் மட்டம் இறங்கி அடுத்த பாதிக்கு 25 தான் வருதுன்னு வைங்க. சராசரி 37.5, 6000 ÷ 37.5 = 160 நிமிஷம்னு போட தோணும். ஆனா முதல் 3000 லிட்டருக்கு 60 நிமிஷம், அடுத்த 3000க்கு 120 நிமிஷம், மொத்தம் 180. நிஜ சராசரி 6000 ÷ 180 = 33.3 தான். மெதுவா வந்த தண்ணி அதிக நேரம் எடுத்துக்குது, அதனால சராசரிய அது தன் பக்கம் இழுத்துடும். ரெண்டு ரேட்டும் ஒரே அளவு நேரம் ஓடிருந்தா 37.5 சரி, ஒரே அளவு தண்ணி குடுத்திருந்தா சரியில்ல. குழப்பமா இருந்தா ரேட்ட தொடவே தொடாதீங்க, மொத்த லிட்டர மொத்த நிமிஷத்தால வகுத்துடுங்க, அது எப்பவும் பொய் சொல்லாது.

நாலாவது ஸ்டெப்: வருஷத்த துண்டு போடுங்க

செகரட்டரி சார் கணக்கு உடைஞ்சது இங்கதான். அவர் கையில இருந்தது ஆகஸ்ட் முதல் ஜனவரி வரைக்கும் உள்ள கணக்கு (புது கமிட்டி ஆகஸ்ட்ல தான் பொறுப்பெடுத்துச்சு, பழைய நோட்டு கெடைக்கல). அது தென்மேற்கு பருவமழையோட வால், அப்புறம் வடகிழக்கு பருவமழை முழுசும். போர்ல தண்ணி நல்லா இருக்குற மாசமா பொறுக்கி எடுத்த மாதிரி ஆயிடுச்சு. அந்த சராசரிய ஏப்ரல் மே மேல போட்டா எப்படி?

அதனால வருஷத்த ரெண்டா பிரிச்சோம். சாதாரண நாள் 275, கோடை நாள் 90.

சாதாரண நாள்ல தேவை 4400, போர் 90 நிமிஷம் × 40 = 3600 குடுக்குது, குறை 800 லிட்டர். 30 நாளைக்கு 24,000, ரெண்டு லாரி, ஆக செகரட்டரி சொன்ன 2 அந்த மாசங்களுக்கு அப்படியே பொருந்துது பாருங்க, அவர் பொய் சொல்லல. கோடைல ரெண்டு பக்கமும் அடி: வெயிலுக்கு ஆளுக்கு 125 லிட்டர் ஆகுது, 40 பேருக்கு 5000, போரோ நிமிஷத்துக்கு 30 தான், அதுவும் 50 நிமிஷத்துல காத்து இழுக்க ஆரம்பிச்சிடும், 1500 லிட்டர். குறை 3500. சாதாரண நாளவிட நாலு மடங்குக்கு மேல.

275 × 800 = 2,20,000 லிட்டர்
90 × 3500 = 3,15,000 லிட்டர்
மொத்தம் 5,35,000, ஒரு லாரிக்கு 12,000ன்னா 44.6, அதாவது 45 லாரி.

24 எங்க 45 எங்க. இன்னொரு விஷயம், கோடைல லாரி ரேட்டும் ஏறும், எங்களுக்கு 1800ல இருந்து 2500 ஆச்சு. 18 லாரி × 1800 = 32,400, 27 லாரி × 2500 = 67,500, மொத்தம் 99,900. கலெக்ட் பண்ணது 43,200. வீட்டுக்கு இன்னும் 4725 ரூபா குடுக்க வேண்டியதாச்சு, அந்த மீட்டிங் எப்படி நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒரு லாரியோட சராசரி விலை 99,900 ÷ 45 = 2220, 1800க்கும் 2500க்கும் நடு 2150 இல்ல. அதிகமா வாங்குன நேரத்துல விலையும் அதிகம்.

ரவுண்டு பண்றத கடைசில மட்டும் பண்ணுங்க. 44.6 லாரிய 45ஆக்கலாம், முக்கா லாரி யாரும் அனுப்ப மாட்டாங்க. ஆனா நடுவுல மாசா மாசம் மேல ஏத்தி ரவுண்டு பண்ணி 12 மாசம் கூட்டுனீங்கன்னா சும்மாவே அஞ்சாறு லாரி எக்ஸ்ட்ரா நிக்கும்.

அஞ்சாவது ஸ்டெப்: மழைக்கணக்கு, அதாவது மொத்தம் வேற கைக்கு வர்றது வேற

"இவ்ளோ காசு லாரிக்கு குடுக்குறதுக்கு மழைத்தண்ணிய புடிச்சா என்ன"ன்னு மூணாவது மாடி அக்கா கேட்டாங்க, நல்ல கேள்வி. 2003லயே தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கிட்டாங்க, எங்க பில்டிங்லயும் பைப் இருக்கு, அது உறைகிணத்துல போய் விழுது.

கணக்கு ரொம்ப சுலபம். 1 சதுர மீட்டர் இடத்துல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா சரியா 1 லிட்டர். எங்க மொட்டமாடி 4000 சதுர அடி, 10.764ஆல வகுத்தா 371.6 சதுர மீட்டர். சென்னைக்கு வருஷ சராசரி மழை சுமார் 1400 மில்லிமீட்டர். தெறிச்சு, ஆவியாகி, முதல் அழுக்குத்தண்ணி வெளிய விட்டது எல்லாம் போக காங்கிரீட் மாடிக்கு 80 சதவீதம் கைக்கு வரும்னு எடுத்துக்கலாம். 371.6 × 1400 × 0.8 = 4,16,000 லிட்டர் சொச்சம். எங்க வருஷத் தேவை 275 × 4400ம் 90 × 5000ம் சேத்து 16,60,000. தேவைல கால்வாசி வானத்துல இருந்து இலவசமா வருது!

இங்க நிறுத்திட்டா மறுபடி செகரட்டரி சார் மாதிரிதான். அந்த 1400ல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். 50 மில்லிமீட்டர் மழை ஒண்ணு பெஞ்சா 14,900 லிட்டர் பக்கம் வரும், ரெண்டு நாள் அடுத்தடுத்து பெஞ்சா சம்ப்பு வழிஞ்சிடும். 2015 டிசம்பர் 1, 2ல தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் பெஞ்சுச்சு, வருஷ சராசரில மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே நாள்ல. அந்த 80 சதவீத கணக்குலயே எங்க மாடில இருந்து மட்டும் அன்னிக்கு 1,45,000 லிட்டர் சொச்சம் வந்திருக்கும், சம்ப்போ 20,000 தான் புடிக்கும், அதுவும் தெருவே தண்ணில நின்ன அன்னிக்கு சம்ப்புக்குள்ள போனது மழைத்தண்ணி மட்டும்தான்னு யாரு சொல்றது.

அதனால மொத்தம் போட்டதும் அடுத்த கேள்வி "ஒரு தடவைக்கு எவ்ளோ புடிச்சு வைக்க முடியும்"னு இருக்கணும். எங்களுக்கு வந்த முடிவு, பெரிய சம்ப்பு கட்டுறது வேஸ்ட், வழியிறது எல்லாம் உறைகிணத்துக்கு ஒழுங்கா போற மாதிரி சேறு வாரி விட்டா கோடைல போர் கொஞ்சம் தாங்கும். எவ்ளோ தாங்கும்னு நாங்க நம்பர் போடல, அத அளக்காம சொன்னா அது ஜோசியம்.

ஒரு சுத்து: மேட்டூர் கணக்கு

இதே முறைய தினமும் டிவில காட்டுறாங்க, நம்மதான் கவனிக்கிறதில்ல. "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு 30,000 கன அடி, திறப்பு 12,000 கன அடி"ன்னா நிகரமா 18,000 நிக்குது. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஒரு டிஎம்சிங்கறது நூறு கோடி கன அடி, அத 86,400ஆல வகுத்தா 11,574. ஆக வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தா 1 டிஎம்சி, இந்த ஒரு நம்பர மனப்பாடம் பண்ணிக்கோங்க. 18,000 ÷ 11,574 = நாளைக்கு 1.555 டிஎம்சி.

இப்ப அணை 100 அடில இருக்குன்னு வைங்க, 120 அடி ரொம்ப எத்தன நாள்? முழு கொள்ளளவு 93.47 டிஎம்சி, 120ஆல வகுத்தா அடிக்கு 0.78, இருபது அடிக்கு 15.6, பத்து நாள்ல ரொம்பிடும்னு போட்டா மாட்டிக்குவீங்க. 100 அடில மேட்டூர்ல சுமார் 65 டிஎம்சி தான் இருக்கும். மிச்சம் 28.47 டிஎம்சி, அதுக்கு 18 நாளுக்கு மேல ஆகும். அணை எங்க சம்ப்பு மாதிரி நேர் சுவர் இல்ல, மேல போக போக விரியுது, கடைசி இருபது அடில அடிக்கு 1.4 டிஎம்சிக்கு மேல புடிக்குது. எங்க சம்ப்புல ஒரு இன்ச் எங்க அளந்தாலும் 283 தான், மேட்டூர்ல ஒரு அடி எந்த உயரத்துல அளக்குறீங்கங்கறத பொறுத்து. வட்டமான சின்டெக்ஸ் டேங்கு படுக்க வச்ச மாடலா இருந்தா உங்களுக்கும் இதே பிரச்சன உண்டு.

ஆறாவது ஸ்டெப்: ஒரே நம்பர் சொல்லாதீங்க

45 லாரிங்கறது நடு நம்பர். கோடை 90 நாள்னு நாங்களா வச்சது, மழை முன்னாடியே வந்தா 75, ஏமாத்துனா 105. 75 போட்டு பாத்தா 4,94,500 லிட்டர், 42 லாரி. 105 போட்டா 5,75,500, 48 லாரி. அதனால நோட்டீஸ் போர்டுல "42ல இருந்து 48, காசு 48க்கு கலெக்ட் பண்றோம், மிஞ்சுனா அடுத்த வருஷத்துக்கு"ன்னு எழுதுனோம். எந்த நம்பர் ஆடுனா மொத்தம் அதிகமா ஆடுதுன்னு பாருங்க, எங்களுக்கு அது கோடை நாள் எண்ணிக்கை, ஒரு நாள் கூடுனா 2700 லிட்டர் எகிறும்.

ரொம்ப மோசமான வருஷத்துக்கு இந்த 48ம் பத்தாது. 2016ல தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு பருவமழை 62 சதவீதம் குறைவு. 2019 ஜூன்ல சென்னை ஏரிங்க வத்தி, ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். கேக்க மலைப்பா இருக்கும், எங்க 110 லிட்டர் கணக்குல வகுத்தா 22,700 பேரோட ஒரு நாள் தண்ணி. அந்த மாதிரி வருஷத்துக்கு சராசரில இருந்து கணக்கு போடாதீங்க, போன தடவ அப்படி ஆனப்ப எவ்ளோ ஆச்சுன்னு பழைய ஆளுங்கள கேட்டு தனியா ஒரு தொகை ஒதுக்குங்க.

ஏழாவது ஸ்டெப்: நடுவுல திருத்துங்க

இந்த வருஷம் ஏப்ரல் 1ல இருந்து மே 15 வரைக்கும், 45 நாள்ல, 15 லாரி ஆயிடுச்சு. உடனே வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் 15 ÷ 45 × 365 = 122 லாரின்னு போட்டு, "இதுக்கு வீட்ட வித்துட்டு போயிடலாம்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வேற. பழைய தப்பேதான், தலைகீழா, அன்னிக்கு மழைக்கால சராசரிய வருஷம் பூரா இழுத்தோம் இன்னிக்கு கோடை சராசரிய இழுக்குறாங்க.

திருத்துற முறை இது: ஆனது அப்படியே, மிச்ச நாளுக்கு மட்டும் அந்தந்த ரேட். ஆனது 15. கோடைல மிச்சம் 45 நாள், மூணு நாளைக்கு ஒரு லாரின்னு போற அதே ரேட்டுல இன்னும் 15. சாதாரண நாள் 275க்கு 2,20,000 லிட்டர், 18.3 லாரி. கூட்டுனா 48.3, வாங்குறது 49. சொன்னதவிட ஒரு லாரி அதிகம். குரூப்ல இத போட்டதும் செகரட்டரி சார் ஒரு தம்ஸ்அப் மட்டும் போட்டாரு, வாட்ச்மேன் அண்ணா அடுத்த நாள் காலைல ஆறு மணிக்கு வழக்கம்போல குச்சிய எடுத்துட்டு போனாரு.